காய் வெந்த தண்ணீர்

எங்கள் வீட்டில் அப்போது தினமும் இரண்டு சமையல். மாமியாருக்குச் சர்க்கரை நோய், மலைமேல் கரியாலூரிலிருந்து வாங்கிவரும் சாமையரிசியில் சோறும் கீரையும் அவருக்கு. என் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. கீரை ஆகாது, வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகவே ஆகாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லியிருந்தார். காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பையும் குறைக்க வேண்டும்.

கொட்டுவதுதான் வம்பாகிப் போனது. எங்கள் பக்கத்தில் காய் வெந்த தண்ணீரை யார் கொட்டுவார்கள்? கீரைத் தண்ணீரோ கொள்ளுத் தண்ணீரோ, எல்லாம் ரசமாகிவிடும்.

"சாரத்தயெல்லாம் ஊத்திட்டு என் புள்ளைக்குச் சக்கய போட்றியே, நல்லா இருப்பியா?" என்று மாமியார் தினமும் ஒப்பாரி வைத்தார்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. முதல் சந்தேகம் கணவர்மேல். கரும்புக் கொல்லைக்குப் போகிறவர் வழியில் இளநீர் குடிக்கிறாரோ என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள், சூடு ஆறியதும் கொட்டலாம் என்று வைத்திருந்த அவரைக்காய்த் தண்ணீரைக் காணோம். பாத்திரம் காலி, அடுப்படியில் மிளகு வாசனை.

"அத்த, அந்தத் தண்ணிய இன்னா பண்ணீங்க? அவருக்கு ரசம் வச்சிக் குடுத்தீங்களா?"

"நான்தாம்மா வச்சிக் குடிச்சேன். கொட்ட மனசு வரல. அவனுக்கு ஒரு சொட்டு குடுக்கல."

"அப்படின்னா கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணுங்க பாக்கலாம்."

அடித்தார். மகன்மேல் சத்தியம் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். நான் நம்பினேனா? எங்கே! அதன்பிறகு அவர் நடமாட்டத்தை இன்னும் கூர்ந்து கவனித்தேன். சாப்பாட்டு வேளையில் மகன் பக்கத்தில் போனால்கூடக் கூடவே போய் நிற்பேன்.

அடுத்த முறை பொட்டாசியம் இன்னும் ஏறி, கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பொய்ச் சத்தியம் பண்ணிப் பெற்ற பிள்ளையையே கொல்கிறீர்களே என்று வராந்தாவில் நின்று கத்தினேன்.

சாப்பாட்டு முறை சொல்லித்தரும் மேடம், சமையலில் சேர்க்கும் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். மறுநாள் பையோடு போனேன். மாமியாரும் கூட வந்தார். புளி, மிளகு, பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மேடம் உப்புப் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். சப்பென்று இருந்தால் கணவர் சாப்பிடமாட்டேன் என்கிறாரே என்று, சோடியம் குறைந்த உப்பு இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டு நான் வாங்கியது. சோடியம்தான் கம்மியாயிற்றே என்று தாராளமாகப் போட்டுவந்தேன்.

"சோடியத்துக்குப் பதிலா இதுல சேக்குறதே பொட்டாசியம்தாம்மா. இத யாரு வாங்குனது?"

நான்தான் வாங்கினேன். இத்தனை நாள் என் கையால் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அழுவாத. நான்தான் ரசம் வச்சிக் குடுத்தேன்னு அவன்கிட்ட சொல்லிடு," என்றார். "உப்பு சங்கதி தெரிஞ்சா உன் கையால சாப்புட பயப்படுவான்."

எனக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம் இல்லை. கணவரின் கட்டிலருகே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, சரி விடு என்றார். நாலு நாளில் வீட்டுக்கு வந்தோம். மேடம் சொன்னபடி காயை வேகவைத்து, தண்ணீரை வடித்து, உப்பே இல்லாமல் தட்டில் போட்டேன். அவர் சோற்றைப் பிசைந்து, வாயருகே கொண்டுபோய், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டிய பிறகுதான் சாப்பிட்டார்.