எங்கள் கடையின் பழைய ஏப்ரல்

சர்ரென்று பிளாஸ்டிக் உறை கிழிகிற சத்தம் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் என் அப்பா, எங்கள் ‘நைனா’, வைத்திருந்த பேனர் கடைக்கு எதிர்க்கடையும் பேனர் கடைதான், அல்போன்ஸ் அங்கிளுடையது. அவர் காசு கொடுத்து உரிமத்தோடு வாங்கிய டிசைன் மென்பொருளின் பெட்டியை, அவர் மகளும் என் வகுப்புக்காரியுமான ஜெனிபர், தெருவே பார்க்கும்படி கடை வாசலில் உட்கார்ந்து பிரித்தாள். உள்ளே பளபளவென்று ஒரு சிடி. தொட்டுப் பார்க்கக்கூட விடவில்லை, மகராசி.

எங்களிடமும் அதே மென்பொருள்தான். ஆனால் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்க இலவசமாகக் கொடுக்கிற ‘டிரையல்’. அந்தக் கெடு முடியாமலிருக்க, காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும் நைனா செய்கிற முதல் வேலை, கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளுவது. வெளியே தீபாவளியும் பொங்கலும் வந்து போகும். எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் எப்போதோ போன ஓர் ஏப்ரல் நடந்துகொண்டே இருக்கும்.

“சாஃப்ட்வேர எழுதனவன் பொழைக்க வேணாமாப்பா?” என்பார் அல்போன்ஸ் அங்கிள்.

“அவன் நல்லாதான் பொழைச்சிக்கினு கீறான், நம்ம பொழப்பப் பாரு அண்ணாத்தே” என்பார் நைனா.

நியாயம் யார் பக்கம் என்பதா எனக்கு முக்கியம்? அந்தப் பெட்டி ஜெனிபர் வீட்டில் இருக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை.

ஒருநாள் ஆட்டோ ஓட்டும் சேகர், மகளின் முதல் பிறந்தநாளுக்கு அன்று சாயங்காலமே பேனர் வேண்டுமென்று வந்து நின்றார். ரோஜாப்பூ, வாத்து, கிரீடம் என்று நைனா அமர்க்களப்படுத்திவிட்டார். ஆனால் எப்போதும் கையால் அடிக்கிற தேதியை, அவசரத்தில், மென்பொருளையே போட விட்டுவிட்டார். மண்டப வாசலில் கட்டிய பிறகுதான் அதில் அந்தப் பழைய ஏப்ரல் தேதி இருப்பதைப் படித்திருக்கிறார்கள்.

“இன்னா அண்ணாத்தே, என் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்குப் பொறந்தநாள் வச்சிட்டியா?” என்று எங்கள் கடை முன்னால் நின்று சேகர் கத்த, தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே ஏசி வந்தது. அது சொட்டுகிற தண்ணீரைக்கூட நான் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த வருஷமே எங்கள் கடை மூடப்பட்டது. நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார்.

இன்று நானே மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். உழைத்தவனுக்குக் காசு கொடுப்பதுதான் நியாயம் என்று மனதாரச் சொல்வேன். இப்போது பெட்டியும் இல்லை, சிடியும் இல்லை. மாதாமாதம் வாடகை கட்டினால்தான் எதுவும் திறக்கிறது. போன மாதம் அல்போன்ஸ் அங்கிள் கடைக்குப் போனபோது அவர் போனில் மென்பொருள் கம்பெனிக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். அவர் வாங்கிய பழைய மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாதாம்.

“காசு குட்த்து வாங்கனது சார்! இனிமே ஓடாதுன்னா இன்னா சார் நியாயம்?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. இந்த வயதிலும் அவரால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நியாயம் கேட்க முடிகிறது. எங்கள் கடை போன அன்று நைனாவால் அப்படி யாரிடமும் கேட்க முடியவில்லை, காசு கொடுத்து வாங்கியதில்லையே. ஷட்டரைப் பூட்டி, சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.