தண்ணீரில் எறிந்த மூட்டைகள்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆனி மாதம், மேட்டூர் அணைத் தண்ணீரில் நடந்தது இது. நான் எருமப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டிலேயே காலம் கழித்தவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேச்சும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் விரும்பிக் கட்டிக்கொண்டவர் மேட்டூரில் மீன் பிடிப்பவர். இருவரும் பரிசலில் போனால் திரும்பி வர நான்கைந்து நாளாகும். அக்கரையில் தார்ப்பாய் கட்டித் தங்கி, அங்கேயே சமைத்து, வலை விடுவார்கள். அந்த முறை என்னையும் கூட்டிப் போனார்கள்.

சாமான் கட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அரிசி, உப்பு, தீப்பெட்டி, சட்டி, போர்வை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு, வாயைக் கோணி ஊசியால் தைத்து வைத்தேன்.

மகள் சிரித்துவிட்டாள். “ஏம்மா, பழனிக்குப் பஸ் ஏத்தற மூட்டையாட்ட இருக்குது!”

“ஒண்ணும் சிதறக் கூடாதுன்னு தெச்சேன் கண்ணு.”

“இங்க தனித்தனியாத்தான் கட்டோணும்.”

தையலைப் பிரித்து, அரிசியை மூடி போட்ட பெயிண்ட் வாளியில் கொட்டினாள். போர்வைகளைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள். வலைச் சாக்கு முதல் சட்டி வரை ஒவ்வொன்றிலும், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்படி, ஒரு காலி கேனைக் கட்டினாள். நான் நிரப்பி வைத்திருந்த குடத்தை மருமகன் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க அத்தை, டேமுக்கே தண்ணி கொண்டு போறமுங்களா?”

வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பரிசல் கரையை விட்டதும் நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான் பார்த்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த தண்ணீர்தான். இங்கேயோ வானம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. சாமி முன்னால் நிற்பது போல என் கை தானாகவே கும்பிட்டது.

பாதி தூரம் போயிருப்போம். மேற்கிலிருந்து காற்று பிடித்தது. பரிசல் சுழன்றது, அலை உள்ளே வந்து விழுந்தது. “பாரத்தக் கொறை!” என்று துடுப்பை விடாமல் மருமகன் கத்தினார். மகள் அரிசியை எறிந்தாள், போர்வையை எறிந்தாள், சட்டியை எறிந்தாள். கடைசியில் வலைச் சாக்கைத் தூக்கினாள். அவர்கள் பிழைப்பே அதுதான். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வலைய எறியாத கண்ணு!”

“அப்ப உன்னைய எறியட்டுமா? உடும்மா!”

விட்டுவிட்டேன்.

எப்படியோ ஒரு பாறைக் கரையில் ஒதுங்கினோம். போனில் சிக்னல் இல்லை. ஈரத்துணியோடு, பசியோடு மூவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

விடிந்ததும் ஒரு பரிசல் வந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர். நடுவில் எங்கள் அரிசி வாளி, போர்வை, வலைச் சாக்கு. பொருளைக் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்தேன்; ஆனால் அவர்கள் அதைத் தொடவேயில்லை. இருவரில் பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“ஆளுங்க அத்தன பேரும் இருக்கீங்களா?”

“இருக்கறமுங்க” என்று மகள் சொன்னதும் அவர் அப்படியே பரிசலின் விளிம்பில் தலை சாய்த்தார். கூட வந்தவர்தான் சொன்னார்: “நேத்து சாயங்காலம் வாளிய எடுத்தோம்மா. வாளி மெதந்தா ஆளு எங்கியோ கெடக்குதுன்னுதானே அர்த்தம்? அப்பத்திலருந்து கரை கரையாத் தேடறோம்.”

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தண்ணீரில் பிழைப்பவர்கள் காலி கேனைக் கட்டுவது பொருளைக் காப்பாற்ற மட்டுமல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சட்டி கிடைக்கவில்லை. அவர்களிடம் சட்டியும் தீப்பெட்டியும் வாங்கி, எங்கள் அரிசியைப் போட்டு உலை வைத்தேன். முன்பின் தெரியாத ஆண்களிடம் வாய் திறக்காத நான், “சாப்புட்டுத்தான் போகோணுமுங்க” என்று சத்தமாகவே சொன்னேன்.

பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய தண்ணீரில், யாரென்றே தெரியாத எங்களை உயிரோடு பார்க்கும்வரை இரண்டு பேர் வீடு திரும்பவில்லை என்பதை நினைத்தால், அந்த அணையைப் பார்த்துக் கும்பிட்டதைவிடப் பெரிதாகக் கும்பிடத் தோன்றுகிறது.