வெட்டில்லாத ஒப்பரேசன்

சிறுநீர் கட்டினவர்களுக்குச் சலக்குழாய் போடுகிறவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது கடவுள் என்பார்கள். சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண் தாதியாக இருந்த காலம் முழுக்க இந்த இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டேன். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி வயதோடு வீங்கி வழியை நெரிக்கும். இரவில் நாலு தரம் எழும்புவீர்கள். போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வரும். ஒருநாள் அதுவும் நின்றுவிடும். அப்போதுதான் என்னைத் தேடி வருவீர்கள்.

தண்ணீரை நிறுத்தினவர்

உரும்பிராயில் புகையிலைத் தோட்டம் செய்த சின்னத்தம்பி ஐயாவை, அவருடைய தம்பியார் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுவந்தார். சண்டையால் பெற்றோல் இல்லாத காலம். சலம் கட்டி வீங்கின வயிற்றோடு அந்தப் பள்ளத்திலும் திட்டியிலும் எப்படி இருந்து வந்தாரோ தெரியாது. குழாய் போட்டதும் வாளி அரைவாசி நிரம்பியது. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வருடமாக இந்த வருத்தமாம். மருந்தென்று அவர் செய்தது தண்ணீர் குடிப்பதைக் குறைத்ததுதான். புகையிலைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்கிறவர், தனக்கு மட்டும் காலையில் ஒரு மூக்குப்பேணி, மாலையில் ஒன்று. ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வீட்டிலை மகளுக்குக் கலியாணம் பேசிக்கிடக்கு தம்பி. பொம்பிளையின்ரை தேப்பனுக்கு உந்த வருத்தமெண்டு ஊரிலை கதைச்சால் நல்லாயிருக்குமே?"

கம்பி வளையம்

எங்கள் டொக்டர் வெளிநாட்டில் பழகிவந்த முறை ஒன்று இருந்தது. வயிற்றை வெட்டுவதில்லை. சலம் வருகிற வழியாலேயே குழாய் ஒன்றை உள்ளே விட்டு, நுனியிலுள்ள சின்னக் கம்பி வளையத்தை மின்சாரத்தால் சூடாக்கி, வீங்கின சதையைச் சீவிச் சீவி எடுத்துவிடுவார். வெளியில் ஒரு கீறல் இராது. நாலைந்து நாளில் வீடு. ஐயாவின் இதயம் பலவீனம், வயிறு வெட்டினால் தாங்காது. அவருக்கு இருந்த வழி இது ஒன்றுதான்.

ஆனால் தொண்ணூறாம் ஆண்டோடு மின்சாரம் நின்றுவிட்டதே. ஜெனரேற்றருக்கு டீசல் கிடைத்தால் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், இரண்டு பேருக்குச் செய்யலாம். கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. அதற்குள் ஒப்பரேசன் முடிந்து, குழாயையும் சலம் சேரும் பையையும் கழற்றிவிடலாம் என்று டொக்டர் சொன்னார். ஐயா என்னை அருகில் கூப்பிட்டு, தன் நிலைப்பாட்டைச் சொன்னார்.

"உந்தக் குழாயையும் பையையும் கட்டிக்கொண்டு, அக்கினிக்கு முன்னாலை இருந்து என்ரை பிள்ளையைத் தாரைவார்த்துக் குடுக்கமாட்டன். அது எனக்கு ஏலாது."

அட்டமி

அடுத்த கிழமையே அவருடைய முறை வந்தது. திங்கள் பின்னேரம் தம்பியார் பஞ்சாங்கத்தோடு வந்தார். செவ்வாயும் அட்டமியும் ஒன்றாக வருகிறதாம். செவ்வாயை மட்டுமென்றால் ஐயா பொறுப்பாராம், இரண்டும் சேர்ந்தால் பொறுக்கமாட்டாராம். "வெட்டே இல்லாத ஒப்பரேசனுக்கு என்ன ஐயா அட்டமி நவமி?" என்று பகிடி விட்டேன். ஐயா சிரிக்காமல், நாளைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார்.

அன்று நான் ஒற்றைக்காலில் நின்றிருக்க வேண்டும். என் வீட்டிலும் அட்டமியில் ஒன்றும் தொடங்குவதில்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு. வாய் பகிடி விட்டது, கை பட்டியலில் அவர் பெயரை வெட்டியது. டொக்டரிடம் ஐயாவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அவருடைய இடத்தில் பக்கத்துக் கட்டில்காரர் போனார், வல்வெட்டித்துறையில் வள்ளம் ஓட்டின கிழவர். மூன்றாம் நாள் அவருக்குக் குழாயைக் கழற்றினேன். கக்கூசுக்குப் போனவருக்காக வாட்டில் கிடந்த எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பத்து வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் தம்பி சுவர் நனைஞ்சது."

அடுத்தடுத்த செவ்வாய்கள்

அடுத்த செவ்வாய் ஐயாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஒப்பரேசன் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அந்த நேரம் ஷெல் விழுந்து காயப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இருந்த டீசல் அவர்களுக்கே காணாது. தள்ளுவண்டியும் வேண்டியிருந்தது. ஐயா தானாகவே இறங்கி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கட்டிலுக்குப் போனார்.

அதற்கடுத்த கிழமை டீசலே வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. கலியாணம் நெருங்கிவிட்டதால் ஐயா குழாயோடு வீட்டுக்குப் போனார். வீட்டுக்கு விடுகிற துண்டு எழுதுவதற்காக அவருடைய கடதாசிகளைப் புரட்டிய டொக்டர், என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"காய்ச்சல் சூடு எழுதிற அட்டையைப் பாத்தனான். அண்டைக்கு அவருக்குக் காய்ச்சல் இல்லை."

கலியாண வீடு

கலியாணத்தன்று விடிய நான் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனேன். புதுக்குழாய் போட்டு, பையைக் கெண்டைக்காலோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே பட்டு வேட்டியை உடுத்திவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. "ஒருத்தருக்கும் விளங்காது ஐயா, போய் இருங்கோ" என்று கெஞ்சினேன். மணவறைக்கு இரண்டடி இருக்கும்போது நின்றுவிட்டார். தன் சால்வையை எடுத்துத் தம்பியாரின் தோளில் போட்டார். தம்பியாரும் மனைவியும்தான் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். ஐயாவின் மனைவி அழுதுகொண்டு சமையல் பக்கம் போய்விட்டா.

கெட்டிமேளம் கேட்டபோது ஐயா என்னோடு கிணற்றடியில் நின்றார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தாலி ஏறினதும் பெண் மாலையோடு தகப்பனைத் தேடிக் கிணற்றடிக்கே வந்து, ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தது. மனிதர் பின்னுக்கு விலகினார்.

"காலைத் தொடாதை பிள்ளை, அதிலைதான் அது கட்டிக்கிடக்கு."

நோகாமல் குழாய் போட எனக்கு வடிவாகப் பழக்கிவிட்டவர்கள், வரமாட்டேன் என்கிற மனிதரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவும் கொஞ்சம் பழக்கியிருக்கலாம்.