போக்கியத்துக்குப் போன என் வீடு

நான் ஒரு முதலீட்டாளன். சிரிக்காதீர்கள், என் மனைவி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

விருத்தாசலத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. அதன்மேல் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டால், வருகிற வாடகையே வங்கித் தவணையைக் கட்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். டீக்கடையில் நாலு பேருக்குப் பாடம்கூட எடுத்தேன். வங்கி கொடுத்த கடன், தளம் போட்டதோடு தீர்ந்துபோனது. பூச்சு இல்லை, கதவு இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குக் குடிவரக் காற்றைத் தவிர யாரும் தயாராக இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. மாடியைப் போக்கியத்துக்கு விடுவது! மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாம். இருக்கும்வரை வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பித் தர வேண்டும். கணவர் சவுதியில் இருந்த ஒரு அம்மா, மகளோடு குடிவந்தார். அவர் பணத்தில் பூச்சும் கதவும் வந்தன. தவணை கட்டத்தான் வாடகை, வாடகைக்காகத்தான் மாடி. அந்த மாடியை முடிக்க நான் வாடகையையே விற்றிருந்தேன். இது எனக்குப் புரிய முதல் தவணை வரவேண்டியிருந்தது. மனைவிக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

சம்பளத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தவணை கட்டினேன். மோட்டார் சுவிட்ச் கீழே எங்கள் சமையலறையில். காலையில் மேலிருந்து குரல் வரும்.

“அண்ணே, தண்ணி வரல, மோட்டாரு போடுங்க.”

“ஏன் தங்கச்சி, மேல நெல்லு கில்லு நட்டிருக்கீங்களா?” என்பேன். வீட்டுக்காரன் என்ற கெத்து எனக்கு மிஞ்சியது அந்த சுவிட்சில் மட்டும்தான்.

ஒருநாள் அவரே இறங்கி வந்தார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மவளுக்கு நல்ல எடம் அமைஞ்சிருக்குது. பக்ரீத் கழிச்சு கல்யாணம். நம்ம போக்கியப் பணத்த நம்பித்தான் பேச்ச முடிச்சிருக்கோம்.”

“அதுக்கென்ன, கொடுத்துடலாம்” என்றேன், பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பவன் மாதிரி. பணம் எங்கள் தலைக்கு மேலே சுவராகவும் கதவாகவும் நின்றுகொண்டிருந்தது.

புதிதாக யாராவது மாடியைப் போக்கியத்துக்கு எடுத்தால்தான் வழி. திட்டக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் பார்க்க வந்தார். படிக்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“அம்மாவுக்கு மூட்டு வலிங்க. கீழ் வூட்டக் கொடுங்க, பணம் ரெடி.”

“அதுல நாங்க இருக்கோமே?”

“மேலதான் காலியாவுதே. நீங்க ஏறிக்குங்க.”

மனைவியைப் பார்த்தேன். “அந்தப் பொண்ணு கல்யாணம் நம்மளால நிக்கக் கூடாது” என்றாள். “ஏறிக்கலாம். ஆசப்பட்டுக் கட்டுன மாடிதானே?”

அடுத்த சிக்கல் ஆடி. அந்த மாதம் எங்களில் யாரும் குடிபோக மாட்டோம். கல்யாணமோ ஆடியில், அதுவரை மாடியும் காலியாகாது. ஆனால் ஆடி பிறக்குமுன் பால் காய்ச்சிவிட்டால் குடிபோன கணக்குதான். எனவே ஆனியில் ஒரு நல்ல காலையில், அடுப்பிலிருந்த எங்கள் இட்லியை இறக்கிவைத்துவிட்டு திட்டக்குடிக்காரர்கள் பால் காய்ச்சினார்கள். பொங்கியதும் பணம் தந்தார்கள். உடனே நாங்கள் ஒரு சொம்புப் பாலோடு மாடியேறி, அந்த அம்மாவின் அடுப்பில் காய்ச்சினோம். பணத்தை அங்கேயே கொடுத்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணப்பெண் எங்கள் பாலிலேயே எங்களுக்கு டீ போட்டுத் தந்தாள். என் வீட்டின் இரண்டு தளங்களிலும் அன்று பால் பொங்கியது. வாடகை எதிலும் பொங்கவில்லை.

கல்யாணப் பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். என் முதலீட்டில் கண்ட லாபம் அதுதான்.

இப்போது நாங்கள் மாடியில். தளம் பீங்கான் சூளை மாதிரி காய்கிறது, தவணையும் ஓய்ந்தபாடில்லை. கீழே இருப்பவர் ஒருநாள் பணத்தைக் கேட்பார். அன்றைக்கு ஏறிக்கொள்ள எனக்கு இன்னொரு மாடி கிடையாது. மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தாலே மனைவி முறைக்கிறாள்.

இன்று காலை தலையெல்லாம் சோப்பு, தண்ணீர் நின்றுவிட்டது. படிக்கட்டில் நின்று கத்தினேன்.

“கொஞ்சம் மோட்டாரு போடுங்களேன்!”

கீழே அந்த மூட்டுவலி அம்மாவின் குரல். “இப்பதானப்பா போட்டோம்? மேல குடியிருக்கறவரா? டேங்கு ஒழுவுதோ என்னமோ, வூட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா” என்றேன்.