ஸ்டாப்வாட்ச் சாரும் என் எழுபத்தைந்து சுருளும்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தது எட்டுப் பேர். நான். பக்கத்து மெஷினில் செட்டியார்பட்டி அக்கா. எதிர் வரிசையில் மூன்று பெண்கள். வாசலோரம் சூப்பர்வைசர் அண்ணாச்சி. மொதலாளி. அவர் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கவிட்ட ஒரு சார். நடந்தது எல்லாம் என்னால்தான் என்று மற்ற ஏழு பேரும் சாட்சி சொல்வார்கள், அதனால் ஆள் கணக்கில் நான் தப்பு விடுவதில்லை.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். கைப்பிடி மெஷினில் துணியைச் சுருளாகச் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சுருள் சுற்றினால் சம்பளம். அதற்கு மேல் சுற்றினால் மேல்காசு. அக்காவும் மற்ற மூவரும் ஐந்நூறை லேசாகத் தொடுவார்கள். நான் நானூறுக்கே முக்குவேன். கை மெதுவில்லை, மனசு விடாது. ஒவ்வொரு சுருளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் எவர் காலிலாவது இது அவிழ்ந்து விழுந்தால்? நம்மைத் தேடி வந்தால்? எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு இந்த வேலையும் போனால்?

ஒரு ஆள் எவ்வளவு சுற்ற முடியும் என்று அளக்க சார் வருகிறார் என்றதும், அக்கா மத்தியானச் சாப்பாட்டில் கூட்டம் போட்டார்.

"இங்க பாருங்கட்டி. அவரு எம்புட்டு எழுதுதாரோ அம்புட்டும் நம்ம தலையிலதான் விடியும். நானூறு கூடிச்சுன்னா மேல்காசுக்கு முழுக்குத்தான். அதனால இவள உக்கார வைப்போம். இவ மணிக்கு அம்பது சுத்துனாலே பெருசு."

எனக்குப் பெருமையாக இருந்தது. என் மெதுவுக்கு ஒருத்தர் மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சார் ஸ்டூலை என் பக்கத்தில் போட்டார். "எப்பவும் போல செய்யுங்கம்மா" என்றார். வாட்சை அமுக்கினார். சுருள் விழ விழ எடுத்து, திருப்பி, உற்றுப் பார்த்து, தாளில் ஒரு கோடு போட்டு வைத்தார்.

அங்கேதான் கெட்டது. நான் பார்க்க வேண்டியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்தால் இனி அவர் பாடு. எனக்குச் சுற்றுவது ஒன்றுதான் மிச்சம். போதாததற்கு அந்த வாட்ச் வேறு, சும்மா இருக்கிறாயா என்று கேட்கிற மாதிரியே ஓடியது. அக்கா இருமினார். மறுபடி இருமினார். பாவம், பஞ்சுத் தூசி சேரவில்லை போல என்று நினைத்தேன். அந்தக் கவலையில் கை இன்னும் வேகம் பிடித்தது.

ஒரு மணி நேரத்தில் எழுபத்தைந்து.

"பரவாயில்லையே, இவங்க நல்லா சுத்துற ஆளோ?" என்றார் சார்.

சூப்பர்வைசர் அண்ணாச்சி பொய் சொல்லத் தெரியாதவர். "இல்ல சார், இருக்கதுலயே இந்தப் பிள்ளதான் ஸ்லோ."

மொதலாளி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

மணிக்கு எழுபத்தைந்து, எட்டு மணி நேர வேலை; திங்கட்கிழமை போர்டில் அறுநூறு என்று எழுதியிருந்தது. சம்பளத்தில் கைவைக்கவில்லை, ஆனால் மூன்று வாரம் ஒருவருக்கும் மேல்காசு இல்லை. சார் ஊருக்குப் போய்விட்டதால் சுருளைப் பார்க்கிற வேலை திரும்ப என்னிடம் வந்து, நான் பழையபடி நானூறுக்கு முக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அன்னைக்கு ஓடுன கையை எங்கட்டி அடகு வச்ச?" என்பார் அக்கா.

நாலாவது வாரம் அவரே மொதலாளியிடம் போனார். பயந்து பயந்து நானும் பின்னால் போனேன்.

"மொதலாளி, அறுநூறுதான வேணும்? தாராளமா சுத்துதோம். அந்த சாரை இவ பக்கத்துலயே தெனமும் உக்கார வைங்க. நாங்க அஞ்சு பேரு. அஞ்சு சாரா வரச்சொல்லுங்க. ஆமா, அன்னைக்கு அவருக்கு எம்புட்டுக் குடுத்திய?"

மொதலாளி பேனாவை எடுத்தார், பிறகு மூடி வைத்தார். அண்ணாச்சி சிரித்துவிட்டு, இருமுகிற மாதிரி நடித்தார். மறுநாள் போர்டில் நானூறு.

அத்தோடு முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். அக்கா விரலை மடக்கினார். "மூணு வாரத்துல ஆளுக்குப் பன்னெண்டு ரூவா போச்சு. நாலு பேருக்கு நாப்பத்தெட்டு. நீதான் குடுக்கணும்." மேல்காசையே கண்ணால் பார்க்காதவள், சம்பளத்தில் பிய்த்துப் பிய்த்து முப்பது வரை அடைத்தேன். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டேன்.

பத்து வருஷம் கழித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார், கன்னத்தைக் கிள்ளினார், பஸ்ஸில் ஏறினார். அப்பாடா என்று நிற்கையில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏட்டி, பதினெட்டு ரூவா!"