நெளிகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா?

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். சகாயமேரி டீச்சரின் படமும் அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகளும் வந்திருந்தன. மேலே போய்ச் செய்தியைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மனைவியிடம் போனைக் கொடுத்து, "நீயே படி" என்றேன். அவள் படித்துவிட்டு, "டீச்சர் போயிட்டாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

திருமானூர்ப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்காகவே சொன்னது. நான் கணக்கு, டீச்சர் விலங்கியல். பதினான்கு வருடம் பக்கத்து நாற்காலி.

ஒருமுறை என் மகள் நிலாவுக்கு ஒரு வாரமாக வயிற்றுவலி. அதே வாரத்தில் மீன்தொட்டியின் கண்ணாடியில் வெள்ளை நூல் நூலாக ஏதோ நெளிவதைப் பார்த்தேன். அவளோ அந்தத் தொட்டிக்குள் கையை விட்டு விளையாடுகிறவள். புழு அவள் வயிற்றுக்குள் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரை மொண்டுகொண்டு, தொட்டியில் மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். எங்கள் பக்கம் தண்ணீரில் எது வந்தாலும் அதுதான் மருந்து. பிறகு அரியலூரிலிருந்து பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

டீச்சர் தண்ணீரை வெள்ளைச் சாசரில் ஊற்றி, பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"நெளியுதா, வழுக்கிட்டுப் போவுதா? மொதல்ல அதச் சொல்லுங்க சார்."

"நெளியுது."

"அப்ப மண்புழுவுக்குச் சொந்தம். மீனு தின்னது போக மிச்சத்தத் தின்ன வந்துருக்கு. வழுக்கிட்டுப் போனா தட்டைப்புழு, அது மீன் முட்டையத் திங்கும். ரெண்டும் புள்ள வயித்துல குடியிருக்காது. எள்ளு மாதிரி உருளுது பாருங்க, அது எறாவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். வயித்துவலிக்கு டாக்டர்கிட்ட போங்க சார், தொட்டிய ஏன் திட்டுறீங்க?"

அப்போதுதான் பிளீச்சிங் பவுடரைப் பற்றிச் சொன்னேன். அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது பதினொரு கப்பி மீன்களும் மிதந்துகொண்டிருந்தன. நிலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு வெறும் மலச்சிக்கல்தான் என்றார் டாக்டர்.

"புழு ஒண்ணும் பண்ணல சார். ஒங்க பயந்தான் கொன்னுடுச்சு" என்றார் டீச்சர் மறுநாள். "பயப்படுங்க, வேணாங்கல. பாத்துட்டுப் பயப்படுங்க."

போன மாதம் ஏலாக்குறிச்சியில் அவர் வீட்டுக்குப் போனேன். பாதி உடம்பாகக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கட்டி தட்டுப்பட்டு ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லல சார். ஊர்ப் புழுவையெல்லாம் லென்ஸ் வச்சுப் பாத்தவ, இதப் பாக்கப் பயந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. கிளம்பும்போது லென்ஸை என் கையில் வைத்து, "நிலாவுக்கு" என்றார்.

அன்று அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இரண்டு மாதமாக என் இடது தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருக்கிறது. குளிக்கும்போது அந்த இடத்தில் கை படாமல் சோப்புப் போடப் பழகியிருந்தேன். டீச்சர் கதையைக் கேட்டுவிட்டு வந்த பிறகும் அப்படித்தான் குளித்தேன். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் மனைவியிடம் சொன்னேன். நாளைக் காலை பெரம்பலூரில் பரிசோதனை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த லென்ஸும், 'பாத்துட்டுப் பயப்படுங்க' என்ற அந்த ஒரு பேச்சும்தான். நாளைக்கு லென்ஸால் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் நிலாவிடம் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது, டீச்சர். பார்த்த பிறகு மீதிப் பயத்தை வைத்துக்கொள்கிறேன்.