காசு கொடுத்து வாங்கிய இரைச்சல்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஸ்பீக்கரின் தரத்தைக் காம்பராக் கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு லயம் என்ற நீள வரிசை வீட்டில் ஒட்டினாற்போல் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. முதல் காம்பராவில் போட்ட பாட்டு நாலாம் காம்பராவில் கேட்டால் அது சுமாரான சாமான். எட்டாம் காம்பராவில் சுவரில் மாட்டிய சாமிப் படம் ஆடினால் நல்ல சாமான். பன்னிரண்டாம் காம்பராக்காரர் கையில் கம்போடு புறப்பட்டு வந்தால் அதுவே முதல்தரம். இந்த அளவுகோல் இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. சத்தம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லையே. எவ்வளவு தூரம் போகிறது என்றுதானே கேட்டார்கள்!

இந்த அளவுகோலை முதன்முதலாக எதிர்த்து நின்றவர் ஐந்தாம் காம்பரா நாகலெட்சுமி.

அவருக்கு வயது முப்பத்தொன்பது. பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறார். ஆனால் ராகலை, கந்தப்பளை, நுவரெலியா என்று அந்த மலைச் சரிவு முழுவதும் அவர் முகத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அவர் குரல் தெரியும். தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஓட்டோ ஒன்று "அன்பார்ந்த பெருமக்களே!" என்று மலையேறி வந்தால், அந்தக் குரல் நாகலெட்சுமியுடையது. கண் பரிசோதனை முகாம், கோயில் தேர், கோழிக்குஞ்சு விற்பனை, காணாமல் போன பசுமாடு எல்லாம் அந்தத் தொண்டை வழியாகத்தான் மேலே வரும்.

தொழில் தொடங்கியது ஒரு தேர்த் திருவிழாவில். அன்று பார்த்து மைக்செட்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஒரு குழந்தை தாயைக் காணாமல் அழுதது. பக்கத்தில் நின்ற நாகலெட்சுமியின் கையில் மைக்கைத் திணித்தார்கள். குழந்தையின் சட்டையையும் சுருட்டை முடியையும் கன்னத்துக் குழியையும் அவர் எடுத்துச் சொன்ன அழகில், மூன்று பெண்கள் ஓடி வந்து அது தங்கள் பிள்ளை என்றார்கள். நாலாவதாக வந்தவள்தான் பெற்றவள். அன்றைக்கே தோட்டத்துக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் குரல் எதையும் விற்கும்.

அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் காம்பராவின் பின்மூலையில் இருந்தது. மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளி இரண்டைக் கயிற்றில் தொங்கவிட்டால் கூடம் தயார். உள்ளே ஒரு மைக், கொழும்புக் கந்தோர் ஒன்றில் கணக்கு வழக்குப் பார்த்து ஓய்ந்து வந்த பழைய கம்பியூட்டர், அதோடு இலவசமாக வந்த இரண்டு தகர ஸ்பீக்கர். கம்பளிக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால் ஆள் அவிந்துவிடுவார். அதனாலேயே அவருடைய விளம்பரங்கள் எல்லாம் சுருக்கமானவை என்று பெயர் வாங்கியிருந்தன.

இப்படி இருக்கையில்தான் நுவரெலியா பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் முத்துலிங்கம் மொதலாளி அவரைத் தேடிப் பிடித்தார். தீபாவளி விளம்பரம் நன்றாக அமைந்தால் வருடம் முழுவதும் கடைக்கு அவர்தான் குரல் என்று பேச்சு. நாகலெட்சுமி பேசி அனுப்பினார். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது, இந்த முறை மொதலாளியின் தொலைபேசி அழைப்போடு.

"தங்கச்சி, கொரல் தேன். அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா ஒங்களுக்குப் பின்னால யாரோ மூச்சு விட்டுக்கிட்டே இருக்காங்களே?"

"யாருமே இல்லைங்க மொதலாளி. நான் ஒத்த ஆளாத்தான் பேசினேன்."

"நடுநடுவுல வேற கிர்ருங்குது. சீல கிழியிற மாதிரி. சீலக் கட வெளம்பரத்துல சீல கிழிஞ்சா வெளங்குமா, நீங்களே சொல்லுங்க."

நாகலெட்சுமி தகர ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம பொழுது சாயிறதுக்குள்ள சுத்தமா ஒண்ணு அனுப்புங்க. இல்லாட்டி கொழும்புல ஒரு புள்ள ஸ்டூடியோவுல பேசுது, அதுக்கிட்டதான் குடுக்கணும். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. நடக்கப்போவதை நினைத்துப் பார்த்தார். கொழும்பிலிருந்து ஒரு குரல் இதே ஓட்டோவில், இதே மலையில், இதே லயத்து வாசலில் வந்து நின்று "அன்பார்ந்த பெருமக்களே" என்று சொல்லிவிட்டுப் போகும். கொழுந்துக் கூடையோடு நின்று அதைக் கேட்க வேண்டும்.

பதிவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். தகர ஸ்பீக்கரில் மூச்சும் இல்லை, கிழிசலும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறாம் காம்பராவில் இருக்கும் ராக்காயியிடம் சுவர் வழியாகவே கேட்டார்.

"ராக்காயக்கா, இதுல ஏதும் எரச்சல் கேக்குதா?"

"ஒன் சத்தந்தான் அஞ்சு வருசமா எரச்சலா கேக்குது. புதுசா என்னாத்த?"

சனிக்கிழமை நாகலெட்சுமி வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கவில்லை. கணவர் பொன்னையாவையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா பஸ் ஏறினார். ஸ்பீக்கர் வாங்கப் போவது பெண் பார்க்கப் போவது மாதிரி என்பது பொன்னையாவின் எண்ணம். கல்யாணச் சட்டையைப் போட்டிருந்தார்.

கம்பியூட்டர் கடைக்கார இளைஞன் ஜனகன் அவர்களைக் கண்டதும் பெரிய பெட்டி ஒன்றை முன்னால் இழுத்து வைத்தான். ஆள் உட்காரலாம் போலிருந்தது. முன்பக்கம் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடிப் பிடித்து விளையாடின. பொன்னையா சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்தார். ஜனகன் பாட்டைப் போட்டான். நாணயம் நடுங்கியது, நகர்ந்தது, குதித்துத் தரையில் விழுந்தது.

"விழுந்துருச்சு!" என்றார் பொன்னையா. "கட்டுங்க தம்பி, கொண்டுபோறோம்."

சாமான் வாங்க வந்திருந்த சிங்கள ஐயா ஒருவரும் "ஹொந்தய், ஹொந்தய்" என்று தன் பாஷையில் மெச்சித் தலையாட்டினார். இரண்டு இனத்துக்கும் ஒரே கருத்து அமைவது இந்த நாட்டில் லேசான காரியமா?

நாகலெட்சுமி மட்டும் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினார். "பாட்டு வேணாம் தம்பி. இதப் போடுங்க."

பெரிய பெட்டியில் அவர் குரல் தேர் அசைந்து வருவது மாதிரி வந்தது. மூச்சில்லை, கிழிசல் இல்லை. பொன்னையா நெஞ்சு நிமிர்ந்து நின்றார். "அடி ஆத்தி, மகாராணி பேசுற மாதிரியே இருக்கு புள்ள!" பெட்டியே உம்மென்று ஒரு முனகல் வைத்திருந்ததையும், மற்றச் சத்தமெல்லாம் அதற்குள் அமுங்கிப் போனதையும் அவர் கவனிக்கவில்லை.

"அந்தச் சின்னது ரெண்டுலயும் போடுங்க தம்பி."

அரை றாத்தல் பாண் ரொட்டி அளவில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் மூலையில் இருந்தன. விளக்கில்லை, மினுக்கில்லை. ஜனகனே அவற்றின் மேல் பில் புத்தகத்தை வைத்திருந்தான். புத்தகத்தை எடுத்துவிட்டுப் பதிவைப் போட்டான்.

நாகலெட்சுமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகாராணி போய்விட்டாள், அவரே அங்கே இருந்தார். எச்சில் விழுங்கிய இடம் கேட்டது. 'தீபாவளி'யில் நாக்கு லேசாக இடறியது கேட்டது. கிர்ரென்று சேலை கிழிந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், ஹூவென்று, விடாமல், யாரோ பெரிய ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஜனகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இது பழுது போலக்கா. வேற பெட்டி எடுத்துப் போடவா?"

"நிப்பாட்டாதீங்க! இன்னொருக்கா போடுங்க!" தன் பிடரியை முதன்முறையாகக் கண்ணாடியில் பார்த்தவர் மாதிரி நாகலெட்சுமி குதித்தார். "மொதலாளி சொன்ன மூச்சு இதாங்க! கேட்டுருச்சு! எனக்கும் கேட்டுருச்சு!"

பொன்னையா பதறினார். "ஏ புள்ள, எரச்சல் இல்லாத பெட்டி அந்தா நிக்கிது. எரையிற பெட்டி இந்தா இருக்கு. காசு குடுத்து எரச்சல வாங்குறேங்கிறியே, ஒனக்கு ஏதும் ஆயிருச்சா?"

"அது எரச்சல மறைக்கிதுங்க. இது காட்டிக் குடுக்குது. காச்சல் கூடுதலா காட்டுதுன்னு தெர்மாமீட்டரத் தூக்கிப் போட்டுருவீங்களா?"

"சரி, இது எத்தன காம்பராவுக்குக் கேக்கும்?"

"ஒரு காம்பராவுக்கு."

"ஒண்ணே ஒண்ணுக்கா!" பொன்னையா கல்யாணச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

பெட்டி விஷயம் முடிந்தது. அடுத்தது கிழிசல். ஜனகன் இப்போது உற்சாகமாகிவிட்டான். "மவுஸ அசைக்கிறப்ப அந்தக் கிர் கூடுதாக்கா?"

"ஆமா தம்பி! பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றீங்க!"

"கம்பியூட்டருக்கு உள்ளுக்குள்ள எல்லாம் நெருக்கமா இருக்குக்கா. கரண்டு, டிஸ்க்கு, எல்லாம் ஒரே பலகையில. அவுங்க போடுற சத்தமெல்லாம் ஒங்க மைக்குக்குள்ள வந்துரும்." அவன் ஒரு சவுண்ட் கார்டை எடுத்து வைத்தான். "இத மாட்டலாம். தங்க முலாம் போட்டது."

"இது எங்கன இருக்கும்?"

"கம்பியூட்டர் பெட்டிக்கு உள்ளதான்."

"தங்கம் போட்டாலும் லயத்துலதானே குடியிருக்கு? பக்கத்துக் காம்பராச் சண்ட அதுக்கும் கேக்குந்தானே? தனி வீடா ஒண்ணு குடுங்க தம்பி."

ஜனகன் சிரித்துக்கொண்டே குளிக்கும் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சவுண்ட் கார்டை எடுத்தான். அது கம்பியூட்டருக்கு வெளியே இருக்கும், யூ.எஸ்.பி. வயர் ஒன்றால் மட்டும் உறவு. மைக்கை நேராக அதிலேயே செருகலாம். மலைநாட்டில் எல்லோரும் எத்தனையோ தேர்தலாகக் கேட்டுவருகிற தனி வீடு, அப்படியாக, ஒரு சவுண்ட் கார்டுக்குக் கிடைத்தது.

அன்று சாயந்தரமே கம்பளிக்குள் புகுந்து பேசினார். புதுப் பெட்டியில் போட்டுக் கேட்டார். கிழிசல் போயே போய்விட்டது! மூச்சும் இல்லை! பொன்னையாவின் கையைப் பிடித்துக் காம்பராவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வட்ஸ்அப்பில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் மொதலாளி பேசினார்.

"சீல கிழியலங்க தங்கச்சி, சந்தோசம். ஆனா மூச்சு விடுற ஆளு மட்டும் அங்கனயேதான் நிக்கிறாரு."

நாகலெட்சுமி புதுப் பெட்டியை முறைத்தார். கடையில் உண்மை சொன்ன பெட்டி வீட்டுக்கு வந்ததும் பொய் சொல்கிறதா?

"நான் அப்பவே சொன்னேன், காசு கீழ விழுந்த பெட்டிய வாங்குன்னு" என்றார் பொன்னையா.

ஞாயிறு விடிந்தது. ஞாயிறுகளில் சிலசமயம் கிடைக்கும், கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் வேலையும் அன்றைக்கு இல்லை. லயம் மெதுவாக எழுந்தது. பொன்னையா வாசலில் குந்தி, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நாகலெட்சுமி நேற்றைய பதிவை மறுபடி போட்டார்.

ஹூ.

பொன்னையா கீழே பள்ளத்திலிருக்கும் தேயிலைத் தொழிற்சாலையை எட்டிப் பார்த்தார். "என்னாது, இன்னைக்கும் ஃபேன் ஓடுது? நேத்துக் கொழுந்து விடியறதுக்கு முன்னமே முடிஞ்சிருச்சே."

நாகலெட்சுமி பதிவை நிறுத்தினார்.

"நின்னுருச்சு" என்றார் பொன்னையா.

மறுபடி போட்டார்.

"ஓடுது."

நிறுத்தினார்.

"நின்னு..." என்று தொடங்கியவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கொழுந்தை வாட்டுவதற்குத் தொழிற்சாலையில் ஓடும் பெரிய காற்றாடிகள் அவை. நாகலெட்சுமி பிறந்த அன்றும் ஓடின. தொட்டிலிலும் கேட்டன, தாலி கட்டும்போதும் கேட்டன. அதனால் அந்த லயத்தில் ஒருவருக்கும் அவை கேட்டதே இல்லை. பஜாரிலிருந்த மொதலாளிக்குக் கேட்டது, மைக்குக்குக் கேட்டது. பெட்டி வீட்டிலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. வெளியே ஓடிய காற்றாடியின் சத்தத்துக்குள் பதிவில் ஓடிய காற்றாடி மறைந்துபோயிருந்தது.

"நாளைக்குக் கொழுந்து வந்தா திரும்ப ஓடும்! இன்னைக்கித்தாங்க! இப்பத்தாங்க!" நாகலெட்சுமி வாசலுக்குப் பாய்ந்தார். மைக் இல்லாமலே குரல் பன்னிரண்டு காம்பராவுக்கும் போனது. "அன்பார்ந்த பெருமக்களே! பத்து நிமிசம்! பத்தே நிமிசம் எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருங்க! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ராக்காயி தலையை நீட்டினார். "நாங்க மூடிருவோம். என் சேவலுக்கு யாரு சொல்றது?"

"கூடையப் போட்டுக் கவுத்துங்கக்கா!"

சேவல் கொழுந்துக் கூடைக்குள் போனது. றேடியோக்கள் நின்றன. குழாயடியில் வாளிகள் அப்படியே நின்றன. நாகலெட்சுமி கம்பளிக்குள் புகுந்தார். முதல் தடவை எட்டாம் காம்பராவில் யாரோ இருமினார்கள். பொன்னையா எழுந்து போய், பன்னிரண்டாம் காம்பராக்காரரின் புகழ்பெற்ற கம்பை இரவல் வாங்கி வந்து வாசலில் நின்றுகொண்டார். இரண்டாம் தடவை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, உலகத்தில் நாகலெட்சுமியின் குரலைத் தவிர வேறெதுவும் இல்லை. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, பாண் அளவுப் பெட்டியில் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பினார்.

பொன்னையா பிளேன்டீயை மறந்திருந்தார். ராக்காயி கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, வருசம் முழுக்க நீங்களே பேசிருங்க" என்றார் மொதலாளி. "அது சரி, பின்னால மூச்சு விட்டாரே ஒரு ஆளு, அவரு எங்க?"

"அவருக்கு இன்னைக்கு லீவுங்க மொதலாளி."

மறுநாள் காலைக் கொழுந்தை எடை போட்டு முடித்ததும் கீழே காற்றாடிகள் ஓடத் தொடங்கின. மலையில் ராக்காயிக்குப் பக்கத்து நிரையில் நின்ற நாகலெட்சுமி காதைப் பொத்திக்கொண்டார்.

"யம்மாடி! என்னா சத்தம்! இத எப்படிக்கா இத்தன வருசம் தாங்கினோம்?"

ராக்காயி கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"என்ன சத்தம்?"